ஒண்டுக் குடித்தனத்தில் பிறந்த யுனிவர்சிட்டி

டீத்தூள் பாக்கிங் மெஷின் பார்த்து வரச்சொல்லி ஆபீஸில் என்னை இத்தாலிக்கு அனுப்பினார்கள். நம்ம கோயமுத்தூருக்கு பம்ப்செட் எப்படியோ, அப்படி பொலோன்யாவுக்கு பாக்கிங் மெஷின். (ஊர்ப் பெயரின் ஸ்பெல்லிங்கில் ஒரு 'ஜி' உண்டு. அதை உச்சரித்தால் சிரிப்பார்கள்.)

ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் நண்பரின் தங்கை மகன் அங்கே எம்.ஏ. படிக்கிறான். திருச்சிப் பையன். ஊர் சுற்றிக் காட்ட வந்தான்.

நல்ல மழை. ஆனால் ஒரு சொட்டு மேலே படவில்லை. தெருவுக்குத் தெரு தூண் வைத்த நடை, நம்மூர்த் திண்ணையை நீளமாக இழுத்து விட்ட மாதிரி. ஊர் முழுக்கச் சேர்த்தால் சுமார் 62 கிலோமீட்டர். 2021-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

"இதெல்லாம் எதுக்குக் கட்டினாங்க தெரியுமா சார்? மழைக்கு இல்லே. வாடகைக்கு!"

படிக்க வந்த கூட்டத்துக்கும் பிழைக்க வந்த கூட்டத்துக்கும் வீடு போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியைத் தெருப் பக்கம் நீட்டி ரூம் போட்டார்கள். நீட்டியதைத் தாங்க மரத்தூண் நட்டார்கள். பச்சை ஆக்கிரமிப்பு! நம்மூராக இருந்தால் புல்டோசர் வந்திருக்கும். பொலோன்யாவிலோ 1288-ல், 'புது வீடு கட்டினால் இப்படித் தூண் நடை வைத்தே ஆகவேண்டும். குதிரையில் போகிறவனுக்குத் தலை இடிக்கக் கூடாது' என்று சட்டமே போட்டு விட்டார்கள்.

"நீ என்னப்பா ஆராய்ச்சி பண்றே?"

"இன்டர்நேஷனல் கோஆபரேஷன், கல்ச்சர், கம்யூனிகேஷன் சார். வெளிநாட்டு ஸ்டூடண்ட்ஸும் உள்ளூர்க்காரங்களும் எப்படிப் பேசிப் பழகறாங்கன்னு..."

"தலைப்பே ரயில் நீளம் இருக்கே. உள்ளே யாரைப் பத்தி?"

"வீட்டு ஓனர் சார்!"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. வந்த நாலு மாதத்தில் மூன்று இடம் மாறி, இப்போது பிரேசில் நண்பன் ஒருவனின் சோபாவில் படுத்துக் கொண்டிருக்கிறான். அவன் முதலில் கற்றுக்கொண்ட இத்தாலிய வாக்கியம், 'ஜா அஃபித்தாத்தா'. ரூம் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். இவன் போன் பண்ணினால் அந்தப் பதில். அதே நம்பருக்கு இத்தாலிய நண்பன் பண்ணினால், 'நாளைக்கு வந்து பாருங்கள்.' இதையெல்லாம் தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருக்கிறான். அதுதான் ஆராய்ச்சி.

உள்ளூர்ப் பையன்களுக்கும் நிலைமை சுகமில்லை. 2023-ல் வாடகை தாங்காமல் இத்தாலிய மாணவர்கள் பல ஊர்களில் யுனிவர்சிட்டி வாசலிலேயே டென்ட் அடித்து உட்கார்ந்தார்கள்.

ஆர்க்கிஜின்னாசியோ என்கிற பழைய கட்டடத்துக்குக் கூட்டிப் போனான். 1563-ல் யுனிவர்சிட்டிக்கென்று கட்டியது. இப்போது நகர நூலகம். சுவர், கூரை எங்கும் கலர் கலராகக் குடும்பச் சின்னங்கள். சுமார் ஆறாயிரம் இருக்கிறதாம். எல்லாம் அங்கே படித்த மாணவர்களுடையது. நாம் பெஞ்சில் காம்பஸால் பேர் செதுக்கினோம். அவர்கள் பெயின்டர் வைத்துச் செதுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

யுனிவர்சிட்டி பிறந்தது 1088 என்று கணக்குச் சொல்கிறார்கள். ஆனால் ஆரம்பத்தில் கட்டடமே கிடையாது. 'யுனிவர்சிதாஸ்' என்ற லத்தீன் வார்த்தைக்கு, சங்கம் என்றுதான் பொருள். யார் சங்கம்? வெளியூர் மாணவர்கள் சங்கம்! ஜெர்மன்காரன் கடன் வாங்கிவிட்டு ஓடினால், கையில் கிடைத்த வேறொரு ஜெர்மன்காரனைப் பிடித்து வசூலிக்கிற காலம் அது. 1150-களில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா அதைத் தடுத்து மாணவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார். அப்புறமும் அந்நியனுக்கு ஊரில் உரிமை இல்லை. அதனால் ஒன்று சேர்ந்தார்கள். ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கத்தவர் ஒரு சங்கம், இந்தப் பக்கத்தவர் ஒரு சங்கம். உள்ளூர்ப் பையனுக்கு இடமில்லை. அவனுக்குத்தான் ஊரே இருக்கிறதே!

புரொபசர்கள் பாடு திண்டாட்டம். மணியடித்தும் வகுப்பு ஆரம்பிக்காவிட்டால் ஃபைன். கஷ்டமான பாடத்தைத் தள்ளிப் போட்டால் ஃபைன். அஞ்சு பேர்கூட வகுப்புக்கு வராவிட்டால், புரொபசரே ஆப்சென்ட் என்று கணக்கு. தன் கல்யாணத்துக்கு லீவு ஒரே ஒரு நாள்!

வாடகைக்கும் ஒரு கமிட்டி. ஊர் சார்பில் ஆட்கள், மாணவர் சார்பில் ஆட்கள் உட்கார்ந்து ரேட் நிர்ணயிப்பார்கள். மேலே கேட்கிற ஓனர் வீட்டுக்கு எந்த மாணவனும் குடிபோகக் கூடாது. ஊர்க்காரர்கள் முறுக்கிக் கொண்டால் மூட்டையைக் கட்டி விடுவார்கள். கட்டடம் இல்லையே, தூக்கிப் போவது சுலபம். 1222-ல் அப்படிக் கிளம்பிப் போனவர்களால் உண்டானதுதான் படுவா யுனிவர்சிட்டி. கோப்பர்நிகஸ்கூட 1496-ல் சட்டம் படிக்க பொலோன்யா வந்து, ஜெர்மானியர் சங்கத்தில்தான் பேர் பதிந்தார். சட்டம் படித்த நேரம் போக வானத்தைப் பார்த்தார்.

இன்றைக்கு சர்டிபிகேட் பிரச்னையை ஓரளவு தீர்த்து விட்டார்கள். 1958-ல் அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சோபியா கொர்ராடி என்ற ரோமாபுரி மாணவியின் பட்டத்தை, சொந்த யுனிவர்சிட்டியே செல்லாது என்றது. அந்த அம்மா விடவில்லை. வருஷக்கணக்காகப் போராடினார். 1987-ல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் வருஷம் 11 நாடுகளில் 3,244 மாணவர்கள். இதுவரை ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் போய் வந்து விட்டார்கள். 1999-ல் 29 நாட்டு மந்திரிகள் இதே பொலோன்யாவில் கூடி, ஒரு நாட்டுப் பட்டம் இன்னொரு நாட்டுக்குப் புரிகிற மாதிரி படிப்பை ஒழுங்குபடுத்துவோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். காகிதம் எல்லை தாண்டுகிறது. ஆள் தங்கத்தான் இடம் இல்லை. வாடகைக் கமிட்டியை மறுபடி கொண்டு வந்தால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றியது.

பையன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாலு மணிக்கு ஒரு ரூம் பார்க்கணும் சார். இத்தாலி ஃப்ரெண்டு கூட வர்றான்."

"நீ என்ன பேசப் போறே?"

"நானா? வாயே திறக்க மாட்டேன் சார். எல்லாம் அவன் பேசிப்பான். கையெழுத்து ஆனப்புறம்தான் 'பொன்ஜோர்னோ' சொல்வேன்!"

குடையில்லாமல் தூண்களுக்கு நடுவே வேகமாக நடந்தான்.