பிள்ளையை சீனியர் டீமுக்கு அனுப்ப நேரம் வந்துவிட்டதா?



கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கிரிக்கட் பைத்தியம் பிடித்த நாட்டில் ஹொக்கிக்குப் பெயர் எடுத்த ஊர் எங்கள் மாத்தளை. சென் தோமஸ், விஜய என்று பாடசாலைப் பெயரைச் சொன்னாலே மூத்தவர்கள் பழைய மெட்ச் கதையைத் தொடங்கிவிடுவார்கள். அதனால்தான் ஒரு பிள்ளை தன் வயதுப் பிரிவில் நாலு கோல் போட்டதும், "இவனை சீனியர் டீமில் போடலாமே சேர்" என்று பள்ளிவாசல் வாசலிலும் கேட்கிறார்கள்.

இந்த வருஷம் எங்களிடமும் அப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். பெயர் வேண்டாம். ஓ/எல் எழுத இருக்கிறான். இப்போதே கொழும்பில் பெரியவர்களோடு ஆடட்டும் என்கிறார் வாப்பா. முதலில் சோதனை முடியட்டும் என்கிறார் உம்மா. நடுவில் ஆசிரியர்கள் நாங்கள்.

வாப்பாவின் அவசரத்தை நாங்கள் குறை சொல்லமாட்டோம். இலங்கையில் ஹொக்கியின் மேல்மட்டத்தில் ஆமி, நேவி, எயார்போர்ஸ் அணிகள்தான் பலமானவை. அங்கே இடம் கிடைத்தால் விளையாட்டோடு தொழிலும் சம்பளமும் கிடைக்கும். கஷ்டப்பட்ட வீட்டுக்கு அது சின்ன விஷயமா? ஆனால் காலத்துக்கு முந்திப் போய், பெஞ்சில் உட்கார்ந்து மனம் உடைந்தால், ஸ்டிக்கும் போகும், படிப்பும் போகும்.

சரி, எந்த வயது சரியான வயது? இந்தியாவின் ராணி ராம்பால், ஹரியானாவில் வண்டி இழுத்த ஒருவரின் மகள். 2010 உலகக் கிண்ணத்தில் ஆடும்போது வயது 15. பின்னர் டோக்கியோ ஒலிம்பிக்கில் அவருடைய தலைமையில்தான் இந்தியப் பெண்கள் நான்காம் இடம் வந்தார்கள். தமிழ்நாட்டு அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வம் கோவில்பட்டி விளையாட்டு விடுதியில் வளர்ந்தவர். 2022 மே மாதம் ஆசியக் கிண்ணத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் சர்வதேச மெட்ச். அதிலேயே கோல் போட்டார். 2023இல் சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கிண்ணம் வென்ற அணியிலும் இருந்தார். ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக் அணியில் அவருக்கு இடமில்லை.

ஒருவருக்கு 15 வயதில் கதவு திறந்தது. மற்றவர் முதல் நாளே கோல் போட்டும் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை. ஆகவே வயதை மட்டும் வைத்தோ, ஒரு நாள் கோலை மட்டும் வைத்தோ முடிவெடுக்க முடியாது.

நாங்கள் பார்ப்பது வேறு. சம வயதுப் பிள்ளைகளிடம் பந்தை வாங்கி ஓடுபவன், பெரிய உடம்புக்காரன் தோளோடு தோள் வரும்போது பந்தை எந்த நேரத்தில் விடுகிறான்? ஹொக்கிப் பந்து 156 கிராமுக்குக் குறையாது, கல் மாதிரி. எங்கள் புல்தரையில் அது துள்ளி, நின்று வரும். கொழும்பில் நனைத்த செயற்கைத் தரையில் வழுக்கிக்கொண்டு பாயும். அந்த வேகத்தில் பந்து வருமுன் தலையைத் தூக்கிப் பார்க்கிறானா? எல்லாவற்றையும் விட, தன் பிழையால் கோல் விழுந்த மறுநாள் பிரக்டிஸுக்கு நேரத்துக்கு வருகிறானா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அதனால் உம்மாவிடமும் கேட்டோம்.

ஹொக்கியில் ஒரு வசதி உண்டு. வீரர்களை எத்தனை தடவையும் மாற்றலாம். வெளியே வந்தவர் திரும்பவும் உள்ளே போகலாம். 15 நிமிடக் கால்பகுதி ஒன்றில் ஐந்து நிமிடம் மட்டும் ஒரு பிள்ளையை இறக்கிப் பார்க்க முடியும். மூச்சு வாங்கினால் கூப்பிடலாம், பேசலாம், மீண்டும் அனுப்பலாம். "ரெடியா, இல்லையா" என்று ஒரே நாளில் தீர்ப்புச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை.

அதன்படிதான் வாப்பா, உம்மா, கோச், பிள்ளை எல்லோரையும் இருத்திப் பேசினோம். ஓ/எல் முடியும்வரை கிழமையில் ஒரு நாள் ஊரிலேயே சீனியர்களோடு பிரக்டிஸ், மெட்ச் இல்லை. சோதனை முடிந்ததும் ஐந்து நிமிடம், பிறகு பத்து. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் கொழும்புப் பேச்சு. வாப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. "ஏ/எல் வந்தால் அதையும் சொல்வீங்க" என்றார். அதில் உண்மையும் இருக்கிறது. அதனால் கொழும்புப் பேச்சுக்கான திகதியைக் கொப்பியில் எழுதிக் கொடுத்தோம். தள்ளிப்போடமாட்டோம்.

ஊராரிடம் ஒரு வேண்டுகோள். மைதானத்துக்கு வந்து சத்தம் போடுங்கள், சந்தோஷம். ஆனால் 16 வயதுப் பிள்ளையின் போட்டோவைப் போட்டு "நாளைய தேசிய வீரன்" என்று எழுதாதீர்கள். அந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டுதான் அவன் ஓடவேண்டும். முடிந்தவர்கள் அவனுக்கு நல்ல ஷின்பேட் ஒரு சோடி வாங்கிக் கொடுங்கள். பழையது கிழிந்துவிட்டது.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.