பழுதுற்ற கைத்துப்பாக்கி

ஆயுதம் என்றாலே முகம் சுளிக்கும் இயல்பினர் நாம். ஆயினும், 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கருக்கு நேர்ந்ததை வாசித்து நெடுநேரம் சிந்தித்திருந்தோம். 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்று அது; 75 நிமிடங்களுக்குள் 60 முறை சுடவேண்டும். நடுவே துப்பாக்கி பழுதாகி இயங்க மறுத்தது. அந்நங்கைக்கு அகவை பத்தொன்பதுதான்! களத்தைவிட்டு வெளியேறிப் பழுதுபார்த்துத் திரும்பினார். இழந்த நேரமோ திரும்பக் கிடைக்கவில்லை. எஞ்சியவற்றை விரைந்து சுட்டும் 575 புள்ளிகள் பெற்றார். இரண்டே புள்ளிகளில் இறுதிச்சுற்று கைநழுவிற்று. கருவியின் குற்றத்தைக் கையின் குற்றமாக்கிக் குறைகூறினோரும் உண்டு. அன்பர்களே, நம் இல்லங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலை நாம் வாசிப்பதும் அவ்வாறுதானே? 2024இல் பாரிசில் அதே போட்டியில் அவர் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் துப்பாக்கிசுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.