சிறுகச் சேர்த்த நேசம்

ஓசூர் சிப்காட் அருகே, அஸர் தொழுகைக்குப்பின் பந்தாடும் நம் மதரஸா மாணவர்களுக்குக் கொல்கத்தாவின் கால்பந்து ரசிகர் பன்னாலால் சாட்டர்ஜியைப் பற்றி ஒருநாள் கூறினோம். துறைமுக ஊழியராயிருந்தவர். சம்பளத்திலும் பின்னர் ஓய்வூதியத்திலும் மிச்சம் பிடித்து, மனைவி சைத்தாலியுடன் 1982 ஸ்பெயின் முதல் 2018 ரஷ்யா வரை 10 உலகக் கோப்பைகளை நேரில் கண்டார். 2019 டிசம்பரில் மறைந்தார்.

"ஹஜ்ரத், நீங்கள் எதற்காகச் சேர்க்கிறீர்கள்?" என்று சிறுவன் ஒருவன் கேட்டான். நாம் வாயடைத்து நின்றோம். உம்ராவுக்கென வைத்த உண்டியலை மூன்று முறை நாமே உடைத்திருக்கிறோம். வீட்டாரும் அதுபற்றிக் கேட்பதை விட்டுவிட்டனர். சிறிதாயினும் விடாது செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு உவப்பானது என்று பாடம் நடத்துபவர்களும் நாமே!

அன்று மஃரிபுக்குப்பின் புதிய உண்டியல் வாங்கினோம். முதல் பத்து ரூபாயை மனைவியார் போட்டார். துஆ செய்யுங்கள்.