பின்பக்கத்தையும் காட்டு!

போன மாதம் குன்னூர் போயிருந்தேன், கல்லூரி நண்பன் வீட்டுக்கு. இரண்டு பேரும் பி.காம். நான் பேனாவைப் பிடித்தேன். அவன் ஊர் திரும்பி, அப்பாவின் இரண்டு ஏக்கர் தேயிலையைப் பிடித்துக்கொண்டான். ஒரே மகள். சென்னையில் டிசைன் படித்துவிட்டு ஆறு மாதமாக வீட்டில் இருக்கிறாள். ஃபீஸுக்காக வைத்த தோட்டப் பத்திரம் இன்னும் பேங்க்கில். பச்சைத் தேயிலை விலையை நம்பி எப்போது மீட்பது?

"டிசைன்னா தையலான்னு ஊர்ல கேக்குறாங்கடா, பதில் சொல்லத் தெரியலை" என்றான்.

சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுக்கச் சொன்னேன். அதிலிருக்கும் ரூபாய்க் குறி, நம்ம தமிழர் உதயகுமார் வடிவமைத்து 2010-ல் தேர்வானது. "இதுதாண்டா டிசைன்!" நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் வந்தாள். "முப்பது கம்பெனிக்கு மெயில் போட்டேன் அங்கிள். ரெண்டு பேர்தான் பதில் போட்டாங்க." அதில் ஒருவர் 'டெஸ்ட்' என்று மூன்று போஸ்டர் கேட்டிருக்கிறார். இரண்டு ராத்திரி கண்விழித்து அனுப்பியிருக்கிறாள். அப்புறம் ஆளே இல்லை!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சொல்லி வையுங்கள். ஒரு மணி நேர டெஸ்ட் நியாயம். அப்படியே அச்சுக்கு அனுப்பக்கூடிய வேலையைக் கேட்டால், "எவ்வளவு சார் தருவீங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிடலாம். கேட்டதும் காணாமல் போகிறவர், கேட்காவிட்டாலும் காணாமல்தான் போவார்.

லேப்டாப்பைத் திறந்தாள். மொத்தம் 28 வேலைகள். முதலாவதே ஒரு இத்தாலியன் காபி ஷாப்பின் லோகோ. அப்படியொரு கடையே கிடையாது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் அத்தனையும் தேயிலை! எல்லாமே பளபளப்பு. ஆனால் ஏன் இந்த நிறம், முதலில் எதை வரைந்தாள், எதைக் கிழித்துப் போட்டாள்? ஒரு வரி இல்லை. நாலு பேர் சேர்ந்து செய்ததில் இவள் பங்கு எது? அதுவும் இல்லை.

எனக்கு முதல் வேலை கொடுத்த ஆசிரியர், நான் நீட்டிய அச்சுப் பிரதியைத் தள்ளிவிட்டு, "அடிச்சுத் திருத்தின காகிதம் இருக்கா?" என்றார். நல்லவேளை, பையில் கசங்கிக் கிடந்தது.

சோபாவில் தோடர் சால்வை ஒன்று விரித்திருந்தது. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். முன்கூட்டியே வரைந்துகொள்வதெல்லாம் கிடையாது, இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி ஓடும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலைப்பாடு. "திருப்பிப் பாரும்மா. பின்பக்கத்தை ஒளிச்சா வெச்சிருக்காங்க?"

புரிந்துகொண்டாள். இருபதைத் தூக்கிவிட்டு எட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஒவ்வொன்றின் பின்பக்கத்தோடும் என்று முடிவானது. அந்த எட்டில் ஒன்று இந்த மண்ணிலிருந்து வரட்டும் என்றேன். சாயங்காலம் கடைத்தெருவுக்கு நடந்தோம். ஒரு பெரியவர் டீத்தூள் பாக்கெட்டைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், கடைசியில் "தேதி எங்கப்பா போட்டிருக்கு?" என்று கடைக்காரரிடம் கேட்டார். இவள் நோட்டை எடுத்துவிட்டாள்.

நேற்று போன். கோயம்புத்தூரில் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அந்தப் பெரியவரிலிருந்து ஆரம்பித்து, வேண்டாமென்று விட்ட ஆறு பாக்கெட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தாளாம். நடுவில் நண்பன் போனைப் பிடுங்கினான்.

"ஏண்டா, நம்ம தோட்டத்து டீத்தூள் அரைக் கிலோ கொடுத்து விடட்டுமா?"