தோடர் மந்தில் ஊசி சொல்லும் கதை

ஊட்டி என்றதும் நமக்கு ரோஜாத் தோட்டம், படகுச் சவாரி, வர்க்கி. குழந்தைகளுக்கு மலை ரயில். ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் முத்தநாடு மந்துக்குப் போகிறவர்கள் குறைவு. மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. பச்சைப் புல்வெளியில், வானத்தைப் பார்த்துக் கூம்பாக எழுந்து நிற்கிற புல் கூரைக் கோயிலும், அதைச் சுற்றிக் கல் சுவருமாக, பார்க்கப் பார்க்க அலுக்காத இடம்.

தோடர்களுக்குப் பால்மாடம்தான் கோயில். எருமைப் பாலைக் கறந்து, கடைந்து, வெண்ணெய் எடுப்பதே பூஜை. ஆனால் அந்தச் சின்ன வாசலுக்குள் ஆண்கள் மட்டும்தான் குனிந்து நுழையலாம். பெண்கள் எருமையைக் கறக்கக்கூட மாட்டார்கள். நம் வீடுகளில் கறவையும் கடைசலும் யார் தலையில் என்று கேட்கவே வேண்டாம்!

இத்தனைக்கும் அவர்கள் சொல்லும் ஆதிக் கதை வேறு மாதிரி இருக்கிறது. 1902-ல் நீலகிரிக்கு வந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அதை எழுதி வைத்திருக்கிறார். ஓன் என்ற தெய்வம் பூமிக்குள்ளிருந்து 1,600 எருமைகளை வரவழைத்தாராம். அவர் மனைவி வரவழைத்தது 1,800! (அம்மாள் விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்.) ஓனின் கடைசி எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தவன்தான் முதல் தோடன். அவனுடைய வலது விலா எலும்பிலிருந்து முதல் தோடப் பெண் பிறந்தாள். மனைவிக்குப் பதில் ஓனின் சகோதரி தேய்கிர்ஷியைச் சொல்லும் கதையும் உண்டு.

நம் வளைகாப்பு மாதிரி அங்கே வில் கொடுக்கும் சடங்கு. மரத்தில் ஒரு மாடம் வெட்டி, விளக்கேற்றி, கர்ப்பிணிக்குச் சின்ன வில்லும் அம்பும் கொடுப்பார்கள். அண்ணன் தம்பிகளுக்கு ஒரே மனைவி என்ற வழக்கம் இருந்த காலத்தில், வில் கொடுத்தவரே குழந்தைக்குத் தகப்பன். அந்த வழக்கம் போய்விட்டது.

கோயிலுக்குள் போகாத பெண்கள் கையில் இருப்பது ஊசி. முரட்டு வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற பூ வேலை. சட்டம் கிடையாது, பென்சிலால் வரைந்துகொள்வதும் கிடையாது. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். எருமைக் கொம்பு, சூரியன், சந்திரன் எல்லாம் கணக்குப் பிசகாமல் வந்து உட்காருகின்றன. நாம் 'உள்பக்கம்' என்று மடித்து வைக்கிற, நூல் மேடுதட்டிய பக்கம்தான் அவர்களுக்கு வெளிப்பக்கம்! ஆணும் பெண்ணும் போர்த்துகிற இந்தப் பூத்துக்குளி, கடைசிப் பயணத்திலும் கூடவே போகிறது. 2013-ல் இந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எருமைகள்தாம் குறைந்துகொண்டே வருகின்றன. மேய்ச்சல் புல்வெளியில் வெள்ளைக்காரர் காலத்தில் வைக்கத் தொடங்கிய வாட்டில் மரமும் யூகலிப்டஸும் சுதந்திரத்துக்குப் பிறகும் பெருகின. புல் இல்லாவிட்டால் எருமை ஏது? பால் ஏது? அப்புறம் அந்தக் கோயிலுக்குள் என்ன பூஜை? கோயில் கூரை வேயவும் ஈர நிலத்துப் புல்தான் வேண்டும். இன்று சின்னப் பெண்கள் துணியில் கொம்பை எண்ணித் தைக்கிறார்கள். நிஜக் கொம்பைத் தேடிக் கொஞ்சம் நடக்க வேண்டியிருக்கிறது.

ஊட்டியில் தோடர் சால்வை வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். மெஷினில் போட்ட போலிகளும் வருகின்றன. துணியைப் புரட்டி, இழை எண்ணிக் கையால் போட்டதுதானா என்று பாருங்கள். ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் வேலை. தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.