போவதா, இருப்பதா?

நம் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதி அனுப்புமாறு மலராசிரியர் கேட்டிருந்தார். நான் கல்லூரியை விட்டு நீங்கிப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. அக்காலத்தில் வகுப்பறையில் நான் பெற்ற மதிப்பெண்களைக் காட்டிலும் ஹாக்கி மைதானத்தில் பெற்ற காயங்களே மிகுதி. ஆதலின் எனக்குத் தெரிந்த அவ்வாட்டத்தைப் பற்றியே எழுதத் துணிந்தேன். சென்ற ஆண்டு முழுதும் என் உறக்கத்தைக் கெடுத்த வினா ஒன்றுண்டு. தோற்றுக்கொண்டே வரும் குழுவை அதன் பயிற்சியாளன் விட்டு விலகுதல் முறையா, உடனிருத்தல் முறையா என்பதே அவ்வினா. பெரிய நகரங்களில் பெரிய மனிதர்களைப் பற்றி எழுகின்ற இவ்வினா, எனக்கு ஆரணியில், ஆற்றங்கரைப் பொட்டலில் எழுந்தது.

ஆரணி என்றதும் பட்டுச் சேலைக்குப் பேர்போன ஊரை அன்பர்கள் நினைத்தல் கூடும். நான் கூறுவது வேறோர் ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குக் கிழக்கே, ஆரணியாற்றின் கரையில் அமைந்தது எங்கள் ஊர். ஆந்திர நாட்டு மலைகளிற் பிறந்து ஊத்துக்கோட்டை வழியாக வரும் அவ்வாறு, எங்களைத் தொட்டுச் சென்று, பொன்னேரியைக் கடந்து பழவேற்காட்டு ஏரிப்பக்கம் கடலை நாடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கரைபுரண்டு வந்து எங்கள் ஆடுகளத்தையும் தனதாக்கிக்கொள்ளும். ஊரில் உழுது வாழ்வோரும் உளர். ஆயினும் இளைஞரிற் பலர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகளுக்கே செல்கின்றனர். விடியுமுன் ஆலைப் பேருந்து வந்து ஒரு கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும். இரவு வேலை முடித்த மற்றொரு கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கும். அவ்வாலைகளுள் ஒன்றில் கணக்கெழுதுவது என் ஜீவனம். மாலையில் ஊர்ச் சிறுவர்க்கு ஹாக்கி கற்பிப்பது என் விருப்பம்.

மூன்றாண்டுகளுக்கு முன்னர்ப் பதினான்கு சிறுவரைச் சேர்த்து இப்பணியைத் தொடங்கினேன். மட்டைகளிற் பாதி, பழைய நண்பர்கள் மனமுவந்து தந்தவை. முதல் இரண்டு ஆண்டுகளில் தோல்விகளைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. குழந்தை தத்தித் தத்தி நடக்கும்போது விழுவதில் வியப்பில்லை அன்றோ? ஆனால் சென்ற ஆண்டில் ஆடிய 9 ஆட்டங்களில் எட்டில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தோம். ஊரில் மதிப்புடைய முதியவர் ஒருவர் ஒருநாள் டீக்கடை வாயிலில் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்கள் நல்லவர்தாம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு ராசி என்று ஒன்று வேண்டாமா? வேறொருவர் வந்து பார்க்கட்டுமே" என்றார். அவர் சொல்லில் பகையில்லை. அதனாலேயே அது ஆழத் தைத்தது. அன்றிரவே விலகற் கடிதம் ஒன்றை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவ்வாரத்திலேயே வசதி மிக்க பள்ளியொன்றிலிருந்து, தங்கள் குழுவைப் பார்த்துக்கொள்ள வருமாறு எனக்கு அழைப்பும் வந்தது. கால் கழுவிக்கொள்ளத் தண்ணீர் கிடைத்ததுபோல் இருந்தது.

நிற்க. என் துன்பத்துக்குத் துணை தேடி, நம் நாட்டு ஹாக்கியின் பழங்கதைகளைப் புரட்டிப் பார்த்தேன். 1980-ஆம் ஆண்டில் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஸ்பெயினை 4-3 என்று வென்று நாம் தங்கம் பெற்றபோது, நம் குழுவின் தலைவர் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். அவரோடு அன்று ஆடியவருள் எம்.கே. கௌசிக்கும் ஒருவர். பின்னாளில் இருவரும் நாட்டின் பயிற்சியாளராயினர். 1998-இல் பாங்காக் ஆசிய விளையாட்டில், 32 ஆண்டுகள் கைக்கெட்டாதிருந்த தங்கத்தைக் கௌசிக்கின் பயிற்சியில் நம்மவர் வென்றனர். வென்ற பின்னரும் அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 2000-இல் சிட்னியில் பாஸ்கரனின் பயிற்சியில் ஆடிய நம் குழு, போலந்தை வென்றிருந்தால் அரையிறுதி சென்றிருக்கும். ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரி அடித்த ஒரே கோல் அதனைச் சமனாக்கிற்று. நாம் ஏழாம் இடத்தோடு திரும்பினோம். 2002-இல் கோலாலம்பூர் உலகக் கோப்பையிலோ, பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே செட்ரிக் டிசோசாவை நீக்கினர். பத்தாம் இடமே கிடைத்தது. 2006-இல் ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக்கு மீண்டும் பாஸ்கரன் பொறுப்பேற்றுச் சென்றார், பதினோராம் இடம். அடுத்த ஆண்டில் அப்பொறுப்பு ஜோக்கிம் கார்வாலோவிடம் சென்றது. 2008 மார்ச்சில் சாந்தியாகோ நகரில் பிரிட்டனிடம் 0-2 என்று தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக ஒலிம்பிக்கில் நுழையவும் இயலாதவரானோம். கார்வாலோவும் விலகினார்.

இவற்றையெல்லாம் படித்தபோது, மாடு மெலிந்ததற்கு மேய்ப்பவனை மாற்றிக்கொண்டே இருந்த வீட்டுக்காரன் நினைவே எனக்கு வந்தது. மேய்ச்சல் நிலம் எப்படி இருக்கிறது என்று அவன் போய்ப் பார்க்கவில்லை. 1976-இல் மாண்ட்ரியலில் செயற்கைத் தரை வந்தபோதே ஆட்டத்தின் இயல்பு மாறிவிட்டது. நம் சிறுவர் பலர் அதன் பின்னரும் நெடுங்காலம் மண்தரையிலேயே கற்றனர். பயிற்சியாளர் பெயரை மாற்றுவது எளிது. தரையை மாற்றுவது அரிது. எளியதையே மனிதர் முதலிற் செய்வர்.

ஆயினும் இருந்து சாதித்தவரும் உளர். 2021-இல் டோக்கியோவில் ஆஸ்திரேலியரிடம் 1-7 என்று நம் ஆடவர் தோற்றனர். அன்று பயிற்சியாளராயிருந்த கிரஹாம் ரீட் பதினொரு நாள் கழித்து, அதே குழுவோடு ஜெர்மனியை 5-4 என்று வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் நமக்கு ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தார். அதே டோக்கியோவில் சோர்ட் மரைனின் பயிற்சியில் ஆடிய நம் மகளிர் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றனர். பின்பு எழுந்து, காலிறுதியில் ஆஸ்திரேலியரை 1-0 என்று வென்று, நான்காம் இடம் வரை சென்றனர். இவை உடனிருத்தலுக்குச் சான்று. எனினும் அதே ரீட், 2023 ஜனவரியில் ஒடிசாவில் நடந்த உலகக் கோப்பையில் குழு காலிறுதிக்கும் செல்லாதபோது, தாமே விலகிக்கொண்டார். அதனால் அவர் புகழ் குறையவில்லை. அடுத்து வந்த கிரேக் ஃபுல்டனின் பயிற்சியில் 2024-இல் பாரிஸில் மீண்டும் வெண்கலம் கிட்டியது. ஆக, இருப்பதற்கும் சான்றுண்டு, போவதற்கும் சான்றுண்டு. பழங்கதை என் வினாவுக்கு விடை கூறாது என்பதை உணர்ந்து புத்தகத்தை மூடினேன்.

விடை வேறிடத்தில் கிடைத்தது. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் இளையோர் உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்றது. விலகுமுன் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல ஆட்டத்தையாவது காட்டிவிடுவோம் என்று எண்ணி, டிசம்பர் 10-ஆம் நாள் அவர்களை அழைத்துக்கொண்டு பொன்னேரியில் ரயிலேறி எழும்பூர் மைதானத்துக்குச் சென்றேன். மூன்று நாட்களுக்கு முன்புதான் நம் இளையோர் அரையிறுதியில் ஜெர்மனியரிடம் 1-5 என்று தோற்றிருந்தனர். அன்று அர்ஜென்டினாவோடு வெண்கலத்துக்கான ஆட்டம். பயிற்சியாளர், டோக்கியோவிலும் பாரிஸிலும் நம் கோலைக் காத்த ஸ்ரீஜேஷ். மூன்று கால்பகுதிகள் முடிந்தபோது நாம் 0-2 என்று பின்தங்கியிருந்தோம். "நம்மைப் போலத்தான் சார்" என்றான் என் பிள்ளைகளுள் ஒருவன். மற்றவர்கள் சிரித்தனர். கடைசிக் கால்பகுதியில் நம்மவர் நான்கு கோல்கள் அடித்து 4-2 என்று வென்றனர். மைதானமே எழுந்து ஆர்ப்பரித்தது.

எங்கள் கோல்காவலன் மட்டும் எழவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவன், அதிகம் பேசாதவன். அவன் என் பக்கம் திரும்பி, "சார், கடைசிக் கால்பகுதியில் இவர்களுக்குக் கண் இருட்டாதா?" என்று கேட்டான்.

"ஏன், உனக்கு இருட்டுமா?" என்றேன்.

"எல்லாருக்கும் இருட்டும் சார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் இன்னும் சீக்கிரம் இருட்டும்."

திரும்பும் ரயிலில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். நான் என் குறிப்பேட்டைத் திறந்தேன். நாங்கள் வாங்கிய ஒவ்வொரு கோலும் எப்போது, எவ்வாறு விழுந்தது என்று அதில் எழுதி வைத்திருந்தேன். கணக்கெழுதும் கையாதலின் அப்பழக்கம் உண்டு. ஆனால் ஒருநாளும் கூட்டிப் பார்த்ததில்லை. அன்று கூட்டினேன். 9 ஆட்டங்களில் 34 கோல்கள். அவற்றுள் 21 கடைசிக் கால்பகுதியில் விழுந்தவை. மறுநாள் ஒவ்வொரு சிறுவனையும் தனித்தனியே அழைத்து, ஆட்டத்தன்று கடைசியாக எப்போது உண்டாய் என்று வினவினேன். வேலைநாளாயின் பள்ளியில் மதிய உணவு உண்டு. அதன்பின் ஐந்து மணிவரை ஒன்றுமில்லை. ஞாயிறாயின் அதுவும் இல்லை. பலருடைய தாயாரும் ஆலை வேலைக்குச் செல்பவர். காலையில் டீயும் இரண்டு பன்னும் அருந்தி வந்தவர் சிலர். டீ மட்டும் அருந்தி வந்தவர் சிலர். மூன்றாண்டுகளாக அக்கடைசிக் கால்பகுதியில் ஓரத்தில் நின்றுகொண்டு, "மனவுறுதி வேண்டாமா?" என்று அவர்களைக் கடிந்துவந்தவன் நான். அன்று எனக்கு உண்டான நாணத்தை எழுத்தில் அடக்க இயலாது.

சட்டைப் பையிலிருந்த கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். என் உழைப்பு, என் பெயர், எனக்கு நேர்ந்த மனவருத்தம் என்று எல்லாம் என்னைப் பற்றியே இருந்தது. பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. அதே சமயம், நான் பிடிவாதமாக இருந்துவிட எண்ணிய நாட்களில் என் மனத்திலிருந்த காரணத்தையும் ஆராய்ந்தேன். அங்கும் நானே இருந்தேன். தோற்றவன் என்ற பெயரோடு போகக்கூடாது என்ற வீம்பன்றி வேறில்லை. போவதும் எனக்காக, இருப்பதும் எனக்காக என்றால், அச்சிறுவர் எதற்காகப் பொட்டலில் ஓடினர்?

பின்னர் எஞ்சிய 13 கோல்களை ஆராய்ந்தேன். பெரும்பாலானவை பெனால்டி கார்னரில் விழுந்தவை. நான் மண்தரையில் கற்றவன். அங்கே பந்து துள்ளிவரும். அதை நிறுத்தவே நேரமாகும். காப்போர்க்கு ஓடிவந்து மறிக்க அவகாசம் உண்டு. செயற்கைத் தரையிலோ பந்து வழுக்கிக்கொண்டு வந்து கணத்தில் நின்றுவிடும். கோல் எல்லைக்குப் பின்னே நிற்கும் ஐவரும் யார் எங்கே ஓடுவது என்று முன்னரே வகுத்துக்கொள்ளாவிடில் காரியம் கெட்டது. இதை நான் படித்து அறிவேனேயன்றி ஆடி அறியேன். ஆடி அறியாததைக் கற்பிக்க முயன்றேன். அதற்கு விலை கொடுத்தவர் பிள்ளைகள்.

பொன்னேரிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சென்னையில் செயற்கைத் தரையில் சில ஆண்டுகள் ஆடியவர். இப்போது கும்மிடிப்பூண்டியில் முறைவேலை செய்கிறார். அவரிடம் சென்று கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்து, "வருகிறேன் அண்ணா. ஆனால் களத்தில் என் சொல்தான் நடக்க வேண்டும். உங்களுக்கு வருத்தம் வரக்கூடாது" என்றார். வருத்தம் வராது என்று நான் பொய் சொல்லவில்லை. வந்தாலும் வெளியே காட்டமாட்டேன் என்று மட்டும் வாக்களித்தேன். வசதி மிக்க பள்ளிக்கு நன்றி கூறி மறுமொழி எழுதினேன்.

இன்று அவரே எங்கள் குழுவின் பயிற்சியாளர். நான் அவருக்குத் துணை. ஆட்டத்துக்கு இரண்டு மணி முன்பாகப் பிள்ளைகளுக்குச் சுண்டலும் வாழைப்பழமும் கிடைக்கச் செய்வதும், குறிப்பேடு எழுதுவதும், வாரந்தோறும் அதைக் கூட்டிப் பார்ப்பதும் என் வேலை. சுண்டற் செலவில் பாதியை டீக்கடை வாயிலில் என்னை நிறுத்திய அம்முதியவரே ஏற்றுக்கொண்டார். புதிய ஏற்பாட்டுக்குப் பின் ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒன்றை வென்றோம், ஒன்று சமன், இரண்டில் தோல்வி. பெருமை பேசும் கணக்கன்று அது. ஆனால் நான்கிலும் சேர்த்துக் கடைசிக் கால்பகுதியில் விழுந்த கோல்கள் இரண்டே. முதல் வெற்றியன்று பிள்ளைகள் ஓடிச் சென்று தூக்கியது அவ்விளைஞரை. நான் சற்று எட்டி நின்று தண்ணீர்க் குடத்தை மூடிக்கொண்டிருந்தேன். வருத்தம் வந்தது, வாக்கையும் காத்தேன்.

போவதா, இருப்பதா என்று கேட்கும் பயிற்சியாளர்க்கு நான் சொல்லக்கூடியது சிறிதே. தோல்விகளை எண்ணுவதற்கு முன் அவை எங்கிருந்து வந்தன என்று எண்ணுங்கள். அவற்றுள் உம்மால் திருந்தக்கூடியது உண்டாயின் இருங்கள். உம்மால் இயலாதது உண்டாயின் அதற்கு இயன்றவரை அழைத்து வந்து, அவர்க்கு இடம் விட்டு, ஓரடி பின்னே நில்லுங்கள். அப்படி நிற்க இடமில்லையெனின் மனக்கசப்பின்றிப் போங்கள்.

அக்கடிதத்தை நான் கிழித்துவிடவில்லை. குறிப்பேட்டின் கடைசித் தாளுக்குள் இருக்கிறது. என்னால் இப்பிள்ளைகளுக்கு ஆவது ஒன்றுமில்லை என்ற நாள் ஒன்று வரத்தான் செய்யும். அன்று அதைத் திருப்பி எழுதிக் கொடுப்பேன். முதல் வரியில் அவர்கள் பெயர்கள் இருக்கும்.