எங்க டிரம்மர் ஒரு லேப்டாப்!

'டாப் கன்' பார்த்திருக்கீங்கதானே? 1986ல வந்த அந்தப் படத்துல, எலெக்ட்ரிக் கிடார் ஒண்ணு ஆகாயத்தைக் கிழிச்சுட்டுப் போகுமே... வாசிச்சவர் ஸ்டீவ் ஸ்டீவன்ஸ். 1987ல அதுக்கு கிராமி விருதே கிடைச்சுது. பில்லி ஐடல் பாட்டுகள்ல கலக்கின பக்கா ராக் ஆசாமி!

அந்த மனுஷன் நைலான் கம்பி கிடாரைத் தூக்கிட்டு, கம்ப்யூட்டர் தாளத்து மேல ஸ்பெயின் இசையைப் போட்டுப் பண்ணின ஆல்பம்தான் 'ஃப்ளமெங்கோ எ கோ-கோ'.

எங்க ஹாஸ்டல் ரூம்ல இது ஓடினதுக்குக் காரணம் கொஞ்சம் கேவலமானது. பேண்ட் டிரம்மருக்கு மூணு அரியர். வீட்டுல டிரம்ஸ் குச்சியைப் பிடுங்கி வெச்சுட்டாங்க. கல்ச்சுரல்ஸுக்கு 12 நாள்தான் பாக்கி. "லேப்டாப்ல பீட் போட்டுக்கலாம் மச்சி. ஸ்டீவன்ஸே போட்டிருக்காரு!"ன்னு சொன்னது நான்தான். அவன் எதிர்லயே. ஒண்ணும் பேசாம செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

வாசிக்க உட்கார்ந்தப்பதான் வம்பு தெரிஞ்சுது. ஃப்ளமெங்கோவுல ரும்பா மாதிரி 4 எண்ணிக்கை வகைன்னா டான்ஸ் பீட்டோட சுலபமா ஒட்டிக்கும். நான்தான் பெரிய மேதையாச்சே... 12 எண்ணிக்கை 'புலேரியா'வைப் பிடிச்சேன். அழுத்தம் 12, 3, 6, 8, 10ல விழணும். வலது கை விரல் ஒவ்வொண்ணும் விசிறி மாதிரி விரிஞ்சு கம்பியை உரசணும். அதுக்கு நகம் வேணும். ஒர்க்‌ஷாப்ல அரம் போட்டுப் போட்டு எனக்கு நகமே இல்லை!

எட்டுல தடுக்கினேன். லேப்டாப் பாட்டுக்குப் பத்துக்குப் போயிடுச்சு. அவனா இருந்தா ஒரு உருட்டு கூடப் போட்டு, என்னை ஏத்திக்கிட்டுப் போயிருப்பான். இதுவரைக்கும் எத்தனை மேடையில அப்படிக் காப்பாத்தினானோ... நான் கவனிச்சதே இல்லை.

ராத்திரி திரும்பவும் ஆல்பம் கேட்டேன். மெஷின் நேரா நடக்குது. கிடார் அது மேல சாய்ஞ்சு, இழுத்து விளையாடுது. அவர் எத்தனை வருஷம் மனுஷங்களோட வாசிச்சுட்டு அங்கே வந்தவர்!

மறுநாள் அவன் ரூமுக்குப் போனேன். தெர்மோடைனமிக்ஸ் புக்ல இருந்து தலையே தூக்கலை.

"ஸாரிடா. குச்சி வேணாம், கை தட்டினாப் போதும். ஸ்பெயின்ல அதுக்குன்னே தனி ஆளுங்க உண்டு..."

பக்கத்தைப் புரட்டினான்.

"எத்தனை எண்ணிக்கை?"